விலை போடாத சீட்டு

படக்கதைக் கடைக்காரர் மேல் ஆபாச வழக்கு என்று தெரிந்ததும் தெருவில் பாதிப் பேருக்குச் சிரிப்புத்தான் வந்தது. கை மேல் ஈ உட்கார்ந்தால், அது எழுந்து போகிறவரை கையை அசைக்காத மனிதர் மேல் இப்படி ஒரு வழக்கு என்றால் யார்தான் நம்புவார்கள்?

கடை சின்னது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். சுவர் நிறையப் படக்கதைப் புத்தகங்கள், ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள். உள்ளே பார்க்காமல் யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால், ஒவ்வொரு தலைப்பிலும் ஒன்றை மட்டும் உறை போடாமல் முன்பலகையில் வைத்திருப்பார். கடையில் அதற்குப் 'புரட்டு காப்பி' என்று பெயர். யாரும் புரட்டலாம். எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது, மூலையை மடிக்கக் கூடாது. கடையில் சட்டம் என்று இருந்தது அவ்வளவுதான்.

விலைச்சீட்டு ஒட்டுவது அவர் மனைவியின் வேலை. புரட்டு காப்பிகளைக் காலையில் துடைத்து நேராக்கி வைப்பதும் அவள்தான். அவள் கதைகளைப் படிப்பதில்லை. ஆனால் எந்தப் புத்தகத்துக்கு முதுகு விட்டுப்போகிறது, எதற்கு ஓரம் சுருள்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

வழக்குக்குக் காரணமான புத்தகம், போருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடும் ஒரு குடும்பத்தின் கதை. நடுவில் ஒரு முழுப்பக்கப் படம். ரயில் நிலையக் கூட்டத்தில் ஒரு தாய் பெட்டி மேல் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். மார்பு திறந்திருக்கிறது. முகத்தில் அசதி. அந்தப் பக்கத்தில் ஒரு சொல் கிடையாது.

ஒரு நாள் பெயிண்ட் கடைக்காரர் தன் மகளோடு வந்திருந்தார். மகளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். அவர் திரும்பிப் பார்த்தபோது அவள் அந்தப் புத்தகத்தின் புரட்டு காப்பியில் எதையோ நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. ஒரு வார்த்தை பேசாமல் மகளை இழுத்துக்கொண்டு வெளியே போனார். மறுநாள் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, அந்தப் புத்தகத்தில் கடையில் இருந்த அத்தனையையும் மூட்டையாகக் கட்டி எடுத்துப் போனார்கள்.

கடைக்காரருக்கு வக்கீல் தேடி அலையும் வேலை இருக்கவில்லை. மனைவியின் தங்கையே வக்கீல். பத்திரம், பாகப்பிரிவினை, பக்கத்து வீட்டுச் சண்டை என்று காலம் ஓட்டிக்கொண்டிருந்தவள்.

"அத்தான், எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வேலித் தகராறு. இதுல நான் உங்கள மாட்டி விட்டுட்டேன்னு வைங்க, அக்கா எனக்கு ஜென்மத்துக்கும் சோறு போட மாட்டா" என்றாள்.

"இதுவும் வேலித் தகராறுதான் குட்டி. மனுஷன் எதுவரைக்கும் பாக்கலாம்னு வேலி போடுறாங்க" என்றார் அவர். வக்கீலாகி, தலையில் நரை விழுந்த பிறகும் அவருக்கு அவள் குட்டிதான்.

அவள் நிலைமையை மறைக்காமல் சொன்னாள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் சின்ன அபராதம். புத்தகங்களை அழித்துவிடுவார்கள். இனி இப்படிப்பட்டதை விற்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். ஒப்புக்கொள்ளாமல் வாதாடித் தோற்றால் கடைக்கு உரிமம் போகும். பிறகு அந்தச் சுவர், அந்தப் பலகை, எதுவும் இல்லை.

"எப்படிப்பட்டதைன்னு எழுதிக் குடுக்கணும்?" என்று கேட்டார்.

"இப்படிப்பட்டதைத்தான்."

"இன்னைக்குத் தாய்ப்பால். நாளைக்கு எப்படிப்பட்டதுன்னு அவங்கதான சொல்வாங்க? நான் ஒவ்வொரு பக்கமா கொண்டுபோய் இது இருக்கலாமா, அது இருக்கலாமான்னு கேட்டுட்டு நிக்கணுமா? வாதாடு குட்டி. கடை போனா போகட்டும்."

போனால் போகட்டும் என்று வாய்தான் சொன்னது. கை பக்கத்திலிருந்த புத்தகத்தின் உறையை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தது. அக்காவும் தங்கையும் அதைப் பார்த்தார்கள்.

விசாரணை ஆரம்பித்த நாளில் நீதிமன்றத்தில் நல்ல கூத்து நடந்தது. நீதிபதிக்குச் சளி, கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. புத்தகத்தில் இருப்பதை எல்லாம் பதிவில் ஏற்ற வேண்டும் என்று அரசு வக்கீல் ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். படக்கதை என்றால் சத்தங்களும் எழுத்தாகத்தானே இருக்கும்? மனிதர் சவரம் செய்த முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "டொம். அடுத்த கட்டம், டொம் டொம். அடுத்த கட்டம், வீல்" என்றார்.

தட்டச்சு செய்கிற அம்மா நிமிர்ந்தாள். "சார், ரெண்டாவது கட்டத்துல எத்தன டொம்?"

"ரெண்டு."

"வீல்னு ஒரு குழந்தை அழுகுதா, பெரியவங்க கத்துறாங்களா?"

அரசு வக்கீல் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரயில் சார்... ரயில்மா. ரயில் கத்துது."

நீதிபதி தும்மினார். "புத்தகத்துல என்ன இருக்கோ அதப் போடுங்கம்மா. இந்தத் தும்மலப் போட்டுடாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் மனைவியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பெயிண்ட் கடைக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறினார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. முந்தின நாள் ராத்திரி அவருக்குத் தூக்கம் இல்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது.

"அந்தப் படத்தப் பாத்துத்தான் கோவம் வந்துச்சா?" என்று கேட்டாள் வக்கீல் தங்கை.

"படம் அப்புறம்மா. முதல்ல அந்தச் சீட்டு. படத்து மேல ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சு. என் பொண்ணு அதச் சுரண்டிக்கிட்டு இருந்தா. மறைச்சு வச்சத பொண்ணு சுரண்டினா பெத்தவனுக்குப் பதறாதா?"

வக்கீல் தங்கைக்கு இது புதுச் செய்தி. போலீஸ் கொடுத்த நகலில் அந்தப் பக்கம் மை அப்பிக் கறுப்பாக இருந்தது. எந்தச் சீட்டும் தெரியவில்லை. அரசு வக்கீல் இதற்காகவே காத்திருந்தவர்போல் எழுந்தார். அசல் புத்தகத்தை விரித்துத் தூக்கிப் பிடித்தார். தாயின் மார்பின் மேல், பாதி சுரண்டப்பட்டு, ஒரு வெள்ளைச் சீட்டு.

"ஐயா, இது விலைச்சீட்டு. விலை எங்க? ஒரு எண்ணும் எழுதல. வெறும் சீட்டு, சரியா அந்த இடத்துல ஒட்டியிருக்கு. தாய்மை, கலைன்னெல்லாம் எதிர்த்தரப்புல சொல்றாங்க. தப்பே இல்லாத படம்னா கடைக்காரரே எதுக்கு மறைக்கணும்? தப்புன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் வித்திருக்கார்."

நீதிபதி கைக்குட்டையை இறக்கினார். "இத யாரு ஒட்டினது?"

கடைக்காரரும் அந்தச் சீட்டை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார். விலைச்சீட்டுச் சுருள் கடையில் யார் கையில் இருக்கும்? அவர் கண் தானாகப் பின்வரிசைக்குப் போனது. மனைவி தலையைக் குனிந்துகொண்டு முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான்தாங்கய்யா ஒட்டினேன்" என்றார்.

தங்கை கையிலிருந்த பேனா மேசையில் உருண்டு கீழே விழுந்தது. தட்டச்சு இயந்திரம் நான்கு தட்டுத் தட்டி நின்றது. விசாரணையை மறுநாளைக்கு ஒத்திவைத்தார்கள்.

அன்று சாயங்காலம் கடைக்குப் பின்னால் இருக்கிற சமையலறையில் தங்கை கொதித்தாள். "உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா அத்தான்? ஒரு வார்த்த என்கிட்ட கேட்டுட்டுச் சொல்லக் கூடாதா? நீங்களே ஒட்டினேன்னா, தப்புன்னு தெரிஞ்சு வித்தேன்னு அர்த்தம். நாளைக்கு நான் எந்த வாயோட வாதாடறது?"

"முடிஞ்சத வாதாடு."

"நீங்க ஒட்டல. எனக்குத் தெரியும். விலைச்சீட்ட நேரா ஒட்டத் தெரியாத மனுஷன் நீங்க. யார் ஒட்டினது?"

அவர் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுப்புக்கு எதிரே முதுகைக் காட்டி நின்ற அக்கா திரும்பினாள். "நான்தான்டி."

"நீயா? ஏன்க்கா? உனக்கு அந்தப் படம் பிடிக்கலயா?"

"விடு குட்டி" என்றார் அவர். "அவள இதுல இழுக்காத. கூண்டுல ஏத்தி, அந்த ஆளு ஏன் எதுக்குன்னு நோண்டி நோண்டிக் கேக்கறதுக்கா? வேணாம். கடை போனாப் போகுது. அது வேணாம்."

தங்கை ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூடம் போன நாட்களில் அக்கா மருத்துவமனையிலிருந்து வெறுங்கையோடு வந்ததும், வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று அம்மா சொன்னதும் அப்போது ஞாபகம் வந்தது. அம்மா சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"அக்கா..." என்றாள்.

"அந்தப் புத்தகத்துக்கு முதுகு விட்டுப்போச்சு" என்றாள் அக்கா. பேச்சு அடுப்பிடம் சொல்வது மாதிரி இருந்தது. "எல்லாரும் அந்தப் பக்கத்துலயே நின்னு பாப்பாங்க போல. காலைல துடைக்க எடுத்தா அந்தப் பக்கத்துலதான் தானாத் திறக்கும். தினமும் முதல்ல அவ மூஞ்சி. எனக்கு முடியல. கையில சீட்டு இருந்துச்சு. ஒட்டிட்டேன்."

பால் பொங்கி வழிந்தது. தங்கைதான் எழுந்து அடுப்பை அணைத்தாள்.

"நாளைக்கு நான் சொல்றேன்" என்றாள் அக்கா.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார் அவர்.

"ஏன்? பேசறதுக்கும் வரையறதுக்கும் எல்லாருக்கும் உரிமை இருக்குன்னு ஊருக்காக வழக்கு நடத்துறீங்க. வீட்டுக்குள்ள என் வாய்க்கு மட்டும் நீங்க சீட்டு ஒட்டுவீங்களோ?"

தங்கை அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். "அக்கா, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும். எங்க பிழைப்பு போயிருக்கும்."

மறுநாள் அவள் கூண்டில் ஏறினாள். கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். சீட்டை ஒட்டியது தான்தான், கணவருக்குத் தெரியாது, நேற்று அவர் தனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார் என்றாள். அரசு வக்கீல் விடவில்லை. விடாமல் கேட்பதுதானே அவர் உத்தியோகம்.

"சரிம்மா. நீங்கதான் ஒட்டினீங்க. அசிங்கம்னு தோணினதாலதான ஒட்டினீங்க?"

"இல்லங்க."

"அப்புறம்?"

அவள் கணவரைப் பார்க்கவில்லை. தங்கையையும் பார்க்கவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த தட்டச்சு அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். கேட்கிற முகம் அங்கே அது ஒன்றுதான் என்று நினைத்தாளோ என்னவோ.

"எனக்கு ஒரு பொண்ணு பொறந்தா. காலைல பொறந்து சாயங்காலம் போயிட்டா. அதுக்கப்புறம் எனக்குப் பால் வந்துச்சு. குடிக்க ஆள் இல்ல. துணி நனைஞ்சுகிட்டே இருக்கும். வீட்ல யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, நானும் சொல்ல மாட்டேன். போய்க் குளிச்சுட்டு வருவேன். அந்தப் படத்துல அந்த அம்மா அவ்வளவு அலுப்புலயும் குடுத்துட்டு உக்காந்திருக்கா. அவளப் பாத்தா எனக்குப் பொறாமையா இருந்துச்சு. அசிங்கமா எனக்குத் தோணவே இல்லங்க."

அரசு வக்கீல் அடுத்த கேள்விக்காகக் காகிதத்தைப் புரட்டினார். பிறகு கேட்டார், இந்தத் தடவை குரல் இறங்கி. "உங்களாலயே பாக்க முடியாத படத்த, மத்தவங்க பாக்கட்டும்னு எப்படிம்மா கடைல வச்சிருந்தீங்க?"

"என்னால முடியல, என் கண்ணுக்கு மறைச்சேன். அடுத்தவங்க கண்ணு என்னுதா? அந்தப் பக்கத்தத் திறந்து வச்சுகிட்டு ஒரு வயசானவர் ரொம்ப நேரம் நின்னத நான் பாத்திருக்கேன். அவருக்கு என்ன இருந்துச்சோ. விக்க வேணாம்னு நான் ஒருநாளும் இவர்கிட்ட சொன்னதில்ல. சீட்ட அங்க ஒட்டினது என் தப்பு. அதனாலதான் அந்தப் பாப்பா சுரண்டினா. மறைக்கலன்னா ஒரு அம்மா, ஒரு குழந்தைன்னு பாத்துட்டுப் புரட்டியிருப்பா."

பெயிண்ட் கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி கைக்குட்டையை மடித்து மேசை மேல் வைத்தார். சளிக் குரலில், "குழந்தைக்குப் பேரு வச்சீங்களாம்மா?" என்று கேட்டார்.

வழக்குக்கும் இந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று எழுந்து கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

"மனசுக்குள்ள வச்சேன். யார்கிட்டயும் சொல்லல."

"பதிவுல வரணும்னு கட்டாயம் இல்ல. உங்க இஷ்டம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பெயரைச் சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை; அது அந்த வீட்டுப் பெயர். தட்டச்சு அம்மா எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாது என்று, "நெடிலா, குறிலாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். "நெடில்" என்றாள் இவள். தாய் சொல்லச் சொல்ல அந்தப் பெயர் தட்டச்சில் ஏறியது.

மதியத்துக்கு மேல் தீர்ப்பு. நீதிபதி நீட்டி முழக்கவில்லை. ஒரு படம் ஒருவருக்குப் பார்க்க முடியாததாக இருக்கலாம், அவர் தன் கண்ணை மூடிக்கொள்ளலாம்; அதை வைத்து ஊர்க் கண்ணை எல்லாம் மூடச் சொல்ல முடியாது என்றார். தகப்பனின் பதற்றம் தனக்குப் புரிகிறது என்றும், பதற்றம் குற்றத்துக்குச் சாட்சியாகாது என்றும் சொன்னார். கடைக்காரரை விடுதலை செய்தார். புத்தகங்களைத் திருப்பித் தரச் சொன்னார். நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்லிப் பழக வேண்டும் என்று கடைக்காரருக்கு ஒரு குட்டும் வைத்தார். அவர் தலையைச் சொறிந்தபடி வாங்கிக்கொண்டார்.

வாசல் படியில் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை புத்தகங்களைத் திருப்பி வாங்கக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வெயில் நல்ல உறைப்பு. இருவருக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"அந்தப் புத்தகத்த மொத்த வியாபாரக் கடையில பாத்தப்ப" என்றார் அவர், "அந்தப் பக்கம்தான் திறந்துச்சு. நின்னுட்டேன். அங்க இருந்த அத்தனையையும் நானே எடுத்துக்கிட்டேன். ஏன் இவ்வளவுன்னு அந்தக் கடைக்காரன் கேட்டான். நல்லா விக்கும்னு சொல்லி வச்சேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்கு ஞாபகம் வந்துடுமேன்னு."

"மறந்திருந்தாத்தானே ஞாபகம் வரும்?"

அவர் மூக்கை உறிஞ்சினார். நீதிபதியிடமிருந்து சளி ஒட்டிக்கொண்டது என்று சமாளித்தார். பிறகு தயங்கித் தயங்கி, "உள்ள நீ சொன்னியே ஒரு பேரு" என்றார்.

"ஆமா."

"நான் வேற பேரு வச்சிருந்தேன்."

அவள் முழுசாக அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "நீங்களுமா? என்ன பேரு?"

அவர் சொன்னார். ஊர் நீளத்துக்கு ஒரு பெயர்.

"உங்க அத்தை பேரா? அந்த மூக்குப்பொடி அத்தையா? ஐயோ, அத வச்சிருந்தா பள்ளிக்கூடத்துல பிள்ளைய அழ வச்சிருப்பாங்க."

"ஏன், அத்தைக்கு என்ன குறைச்சல்? அந்தக் காலத்துலயே தனியா நின்னு குடும்பத்த நடத்தினவங்க."

"நடத்தட்டும். கூப்பிடறதுக்கு மூச்சு வேணாமா? தெருமுனையில நிக்கிற பிள்ளையக் கூப்பிட ஆரம்பிச்சா, முடிக்கறதுக்குள்ள அவ வீட்டுக்கே வந்துடுவா."

"சுருக்கிக் கூப்பிட்டாப் போச்சு."

"எப்படிச் சுருக்குவீங்க? சுருக்கிக் காட்டுங்க பாப்போம்."

தங்கை புத்தக மூட்டையோடு வந்து பின்னால் நின்றாள். இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அவர் அத்தை பெயரை முன்னால் வெட்டிப் பார்த்தார், பின்னால் வெட்டிப் பார்த்தார்; ஒவ்வொன்றுக்கும் அவள் உதட்டைப் பிதுக்கினாள். பிள்ளை பிறந்த வீட்டில் பிறந்த வாரமே நடந்து முடிந்திருக்க வேண்டிய சண்டை. தங்கை மூட்டையைக் கீழே வைத்து, ஒரு படி மேலே ஓசைப்படாமல் உட்கார்ந்துகொண்டாள். அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று இருந்தாள்.